வாழைப்பூவும் தேயிலையும்

எங்கள் காரைக்காலில் வாழைப்பூ ஆய உட்காருகிறவர்கள் முதலில் பக்கத்தில் ஒரு கிண்ணம் நீர்மோர் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மடல் உரித்து, பூவைப் பிரித்து, கள்ளனைக் கிள்ளி எறிந்து, பொடியாக அரிந்த கையோடு மோரில் போட்டுவிட வேண்டும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தால் போதும், பலகையில் கிடந்த துண்டுகள் பழுப்பேறிக் கறுத்துக் கிடக்கும். அரிந்தவர் விரலும் கறுத்திருக்கும். கத்தரிக்காயைத் தண்ணீரில் போடுவதும், வாழைக்காய்ச் சீவலை நீரில் நனைப்பதும் இதற்காகத்தான்.

இந்தக் கறுப்பை வரவிடாமல் தடுக்க நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மோரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கிருந்து மேற்கே சுமார் நானூறு கிலோமீட்டர் போய், மேட்டுப்பாளையத்தில் மலையேறினால், அதே கறுப்பை வேண்டி வரவழைக்கிற ஊர்கள் வருகின்றன. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இலையை வேண்டுமென்றே காயப்படுத்துகிறார்கள். காற்றுப்படப் பரப்பிக் கறுக்க விடுகிறார்கள். சரியான நிமிடம் வந்ததும் சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். பாரதியார் சாலையில் நாம் நின்று குடிக்கிற டீ அப்படி வந்ததுதான். வாழைப்பூவைக் கறுக்கவைப்பதும் தேயிலையைக் கறுக்கவைப்பதும் ஒரே வகை நொதி: பாலிஃபீனால் ஆக்சிடேஸ். மோரின் புளிப்பு அந்த நொதியை முடக்குகிறது. தேயிலைத் தொழிற்சாலை அதற்கு வேலை கொடுக்கிறது.

பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை வேறொரு செடி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சட்டியிலோ காட்டினால் நொதி செத்துவிடும். இலை பச்சையாகவே நிற்கும். அது கிரீன் டீ. நொதியை உயிரோடு விட்டு, இலையைக் கசக்கினால் கறுப்புத் தேயிலை. அதே செடியில் சீன வகை, அஸ்ஸாம் வகை என்று இரண்டு உண்டு. சீன வகைக்கு இலை சிறியது, குளிர் தாங்கும். அஸ்ஸாம் வகைக்கு இலை பெரியது, சாறும் வேகமும் அதிகம். நீலகிரியில் முதலில் வேரூன்றியது சீன வகை. இன்று இரண்டும் கலந்த இனங்களும் அங்கே நிறைய.

இலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வெற்றிலைச் செல்லத்தைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. செல்லத்தில் தனித்தனி அறையில் இருக்கும்வரை எதிலும் சிவப்பு இல்லை. வாயில் போட்டு மென்ற பிறகுதான் சிவக்கிறது. தேயிலைக் கொழுந்தின் ஒவ்வொரு செல்லும் ஒரு வெற்றிலைச் செல்லம். கேட்டச்சின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் செல்லின் நடுவே உள்ள சாற்றுப் பையில் இருக்கின்றன. காய்ந்த கொழுந்தின் எடையில் கால் பங்கு அளவுக்கு இவைதான். நொதியோ பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்துக்குள் தனியே இருக்கிறது. நடுவில் சுவர். இலை முழுசாக இருக்கிறவரை இரண்டும் சந்திக்க வழியில்லை. பூச்சி கடித்தாலோ கை கசக்கினாலோ சுவர் உடைகிறது. சாறும் நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒன்று கூடுகின்றன. செடி தன்னைத் தின்ன வருகிறவனை விரட்ட வைத்திருந்த ஏற்பாட்டைத்தான் மனிதன் தன் தம்ளருக்குத் திருப்பிக்கொண்டான்.

கறுப்புத் தேயிலை பதினேழாம் நூற்றாண்டில் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வூயி மலைப் பக்கம் தோன்றியதாகச் சொல்வார்கள். சீனர்கள் அதைக் கறுப்பு என்று சொல்வதில்லை, சிவப்புத் தேயிலை என்பார்கள். அவர்கள் தம்ளரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், ஐரோப்பியர் பெட்டியிலிருந்த இலையைப் பார்த்து வைத்தார்கள். அதே ஃபூஜியான் கரையில் பேசும் மொழியில் இந்த இலைக்குத் 'தே' என்று பெயர். கடல்வழியாக அந்தச் சொல்லைக் கேட்ட நாடுகளில் அது தே, டீ என்றானது. தரைவழியாகக் கேட்ட நாடுகளில் சா, சாய் என்றானது. நம் 'தேயிலை'யில் இருப்பது கடல்வழி வந்த தே. பிரெஞ்சுக்காரர் சொல்வதும் 'தே'தான். காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் 'தே' என்று சொல்லும்போது அது தமிழா பிரெஞ்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரெஞ்சுத் தொடர்பு சொல்லோடு முடிந்துவிடவில்லை. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதன்பின் பல காலம் எங்கள் ஊர் விவகாரம் புதுச்சேரி கவர்னரின் மேசையில்தான் தீர்ந்தது. 1835 முதல் 1840 வரை அந்த மேசையில் இருந்தவர் மார்க்கி தெ சேன் சிமோன். நீலகிரித் தேயிலையின் முதல் அத்தியாயத்தில் அவர் பெயர் வருகிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

மதராஸ் அரசில் துணை மருத்துவராக இருந்த கிறிஸ்டி என்பவர், 1832இல் நீலகிரியில் ஆய்வுக்குப் போயிருந்தபோது, குன்னூர் பக்கம் தேயிலையின் உறவுச் செடி ஒன்று வளர்வதைக் கண்டார். உறவு வளர்கிற மண்ணில் தேயிலையும் வளரும் என்று கணக்குப் போட்டுச் சீனாவிலிருந்து செடி வரவழைக்க எழுதினார். செடி வந்து சேர்வதற்குள் அவர் இறந்துபோனார். அடுத்து, கவர்னர் ஜெனரல் பென்டிங்க் 1834இல் அமைத்த தேயிலைக் குழுவின் செயலர் கோர்டன் சீனாவிலிருந்து விதை அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அவை முளைத்து 42,000 நாற்றுகளாயின. இருபதாயிரம் அஸ்ஸாமுக்கு, இருபதாயிரம் இமயமலை அடிவாரத்துக்கு, மிச்சம் இரண்டாயிரம் தென்னாட்டுக்கு. அந்த இரண்டாயிரத்தில் ஒரு சிறு பகுதி நீலகிரியில் கேத்தியிலிருந்த அரசுச் சோதனைப் பண்ணைக்குப் போனது. 1836இல் பண்ணையை மூடிவிட்டார்கள். நாற்றுகள் கேட்பாரற்று நின்றன.

மூடிய பண்ணை வீட்டை மலைவாசத்துக்காகப் புதுச்சேரி கவர்னர் சேன் சிமோனுக்குக் கொடுத்தார்கள். அவருடைய தாவரவியலாளர் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி, 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தவர். கேத்தியில் களைகளுக்கு நடுவே கிடந்த அந்தச் சில செடிகளை அவர் அடையாளம் கண்டார், பேணி வளர்த்தார். அவை தழைத்துப் பூத்தன. அதை அவர் எழுதி வெளியிட்ட பிறகுதான் நீலகிரியில் தேயிலை வரும் என்ற நம்பிக்கை மற்றவர்களுக்குப் பிறந்தது. ஆங்கிலேயர் கைவிட்ட செடியைப் பிரெஞ்சு அரசின் சம்பளம் வாங்கிய ஒருவர் பிழைக்கவைத்தார். மலைத் தேயிலையின் கதையை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். என் கணக்கில் அது ஒரு வரிக்குரிய செய்தி அல்ல. கவனிப்பாரில்லாத பண்ணையில் ஒரு செடியின் முன் நின்று, இது என்ன என்று குனிந்து பார்த்த அந்தக் கணம் இல்லையென்றால், இந்த மலைக்கு இன்னும் இருபது வருடம் தாமதமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதன்பின் வேகம் பிடித்தது என்று சொல்வதற்கில்லை. குன்னூரில் மான் என்பவர் 1850களில், சீனாவில் தேயிலை தேடி அலைந்த ராபர்ட் ஃபார்ச்சூனின் உதவியோடு நல்ல விதை வரவழைத்துத் தோட்டம் போட்டார். சோலூர் பக்கம் ரே என்பவர் டன்சாண்டில் தோட்டத்தைத் தொடங்கினார். தியாசோலையில் முதல் செடிகளைச் சீனக் கைதிகள் நட்டார்கள் என்று மலையில் ஒரு கதை வழங்குகிறது. 1869இல்கூட நீலகிரி முழுவதும் தேயிலை இருநூறு முந்நூறு ஏக்கரைத் தாண்டவில்லை. காப்பிதான் அப்போது ராஜா. அதே 1869இல் இலங்கையில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. அந்தப் பூஞ்சை ஒரு தீவின் காப்பியையே அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே அங்கே லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். அவர் பங்களாத் தாழ்வாரத்து மேசையில் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார். தென்னாட்டுத் தேயிலையின் பழைய கைப்பக்குவம் அதுதான். உருட்டும் இயந்திரமும் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரமும் 1870களில் வந்த பிறகும், செய்முறையின் வரிசை மாறவில்லை. வாட்டு, உருட்டு, ஆறவிடு, உலர்த்து.

சென்ற தை மாதம் குன்னூருக்குக் கீழே ஒரு தொழிற்சாலையில் அந்த வரிசையை முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் வரை உடனிருந்து பார்த்தேன். காலையில் பெண்கள் இரண்டு இலை ஒரு கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் போட்டிருந்தார்கள். கீழே உள்ள முற்றிய இலையைத் தொடுவதில்லை. துவர்ப்புப் பொருளும் கஃபீனும் நொதியும் இளங்கொழுந்தில்தான் செறிந்திருக்கின்றன. முற்றிய இலையில் சேர்வது வேறு: மண்ணிலிருந்து இழுத்த அலுமினியம். மற்ற செடிகளுக்கு நஞ்சாகும் அளவை இந்தச் செடி வாங்கி, பழைய இலைகளில் ஒதுக்கி வைத்துவிடும். அலுமினியம் கரைந்து கிடக்கும் புளிப்பு மண் இதற்கு உகந்தது. கார அமிலக் குறியீடு நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருக்க வேண்டும், மழை வருடம் முழுக்கப் பரவலாக வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அரசலாற்று வண்டலில், உப்புக்காற்றில், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் தேங்கும் எங்கள் மண்ணில் ஏன் தேயிலை வராது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நெல் கேட்பதெல்லாம் தேயிலைக்கு ஆகாது.

வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டார்கள். இதுதான் வாட்டுதல். பன்னிரண்டு மணி நேரம், சில நாளில் பதினெட்டு. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் பெரும்பகுதி இரவோடு இரவாகப் போய்விட, இலை துவண்டு பழைய வேட்டித் துணி மாதிரி ஆகிறது. கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உருண்டையாகவே நிற்கும், முறியாது. ஈரம் போவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் எனக்கு அதிசயம். பறித்த இலை இன்னும் சாகவில்லை. பட்டினி கிடக்கிற இலை தன் புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக்குகிறது, கொழுப்பை உடைக்கிறது. மணப்பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடந்தவை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் கண்டுகாட்டினார்கள்: ஒரு நொதி அந்தப் பிணைப்பை வெட்டுகிறது, மணம் விடுதலையாகிறது. பச்சைக் கொழுந்தை முகர்ந்து பாருங்கள், புல் வாடைதான் வரும். தேநீர் மணம் செடியில் இல்லை; வாட்டத்திலும் கசக்கலிலும் பிறக்கிறது.

பிறக்கும் மணங்களில் ஒன்று லினலூல். அதை நாம் வேறெங்கோ முகர்ந்திருக்கிறோம்: கொத்தமல்லி விதையை இடிக்கும்போது வரும் வாசத்தில் பெரும்பங்கு அதுதான். இன்னொன்று ரோஜாவில் உள்ள ஜெரானியால். மூன்றாவது மெத்தில் சாலிசிலேட், மூட்டு வலிக்குத் தடவும் தைலத்தின் வாசம். ஊட்டியில் விண்டர்கிரீன் தைலம் காய்ச்சுகிற காட்டுச்செடி நீலகிரிச் சோலை ஓரங்களில் தானாக வளர்வது. அதன் எண்ணெயும் இதே பொருள்தான். நல்ல நீலகிரித் தேநீரில் பூ மணத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த, மூக்கைத் திறக்கிற வாசம் வருமே, அது இந்தப் பொருளின் வேலை.

விடியும் முன் உருட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. வட்டமான பித்தளை மேசை, அதன்மேல் சுழலும் உருளைப் பெட்டி. உள்ளங்கையில் கொழுந்தைத் தேய்ப்பதைத்தான் அது செய்கிறது. இலை கிழிவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. செல்லின் சுவர் உடைந்து சாறு மேலே வருகிறது. அரைமணியில் பச்சை மங்கி, செம்பு நிறம் தலைகாட்டியது. பிறகு அதை இரண்டங்குல உயரத்துக்கு ஈரமும் குளிர்ச்சியும் உள்ள அறையில் பரப்பினார்கள். தொழிலில் இதைப் புளிக்கவைப்பது என்கிறார்கள். சொல் பழகிவிட்டது, ஆனால் இங்கே தோசை மாவில் போல நுண்ணுயிர் எதுவும் வேலை செய்யவில்லை. நடப்பது ஆக்சிஜனேற்றம். கேட்டச்சின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தியாஃபிளேவின்கள் ஆகின்றன. பொன் மஞ்சள், பளபளப்பு, நாக்கில் சுறுசுறுப்பு எல்லாம் இதனுடையவை. காய்ந்த தூளில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான் இருக்கும். வினை தொடர்ந்தால் மேலும் பெரிய மூலக்கூறுகள், தியாரூபிஜின்கள். செங்கபில நிறமும் கனமும் இவை தருவன. 1950களில் ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இந்த இரண்டுக்கும் பெயர் வைத்தார். தியாரூபிஜின் என்பது ஒரு பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான பொருள்களின் கூட்டம் என்று நம் காலத்துக் கருவிகள் காட்டியிருக்கின்றன. தினமும் குடிக்கிற ஒன்றின் நிறத்துக்கு இன்னும் முழுக் கணக்கு எழுதி முடியவில்லை.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. குறைவாக விட்டால் பச்சை வாடையும் பிடிவாதமான துவர்ப்பும். கூடுதலாக விட்டால் தியாஃபிளேவின் கரைந்து, தேநீர் மண் நிறமாகச் சாரமற்றுப் போகும். உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்த நிமிடம் வரும், குளிர் நாளில் தள்ளிப்போகும். டீ மேக்கரிடம் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கைப்பிடி அள்ளி என் முகத்தருகே நீட்டினார். "முதல்ல பச்சை வாடை வரும் சார். அது போயி ஆப்பிள் பழம் மாதிரி ஒண்ணு வரும். அப்புறம் பூ வாசம். அது இறங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள சூட்டுக்கு ஏத்திடணும். கடிகாரத்த நம்பினா கெட்டுப்போகும்." அவர் மூக்கருகே கொண்டுபோவதும் கீழே போடுவதுமாக இருந்தார். நான்காவது தடவை முகர்ந்ததும் தலையசைத்தார், தள்ளுவண்டி நகர்ந்தது.

உலர்த்தியில் நூறு டிகிரியை ஒட்டிய காற்று. நொதி அங்கே முடிந்தது. ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கியது. செம்பு நிறத்தில் உள்ளே போனது கறுப்பாக வெளியே வந்தது. இந்தக் கறுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடுகிறது. புளி விட்ட கீரை பச்சை இழந்து கருகிப்போன நிறமாவதும் அதனால்தான். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. முறுக்கிய, கம்பி போன்ற, முழு இலை. இந்தப் பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். இதற்குத்தான் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தத் தேயிலையை நீலகிரிக்கு வெளியே நம்மில் எத்தனை பேர் குடித்திருப்போம்? எங்கள் ஊர்க் கடையில் பையில் போட்டு வடிக்கிற தூள் வேறு. அஸ்ஸாமில் ஆம்கூரி தோட்டத்தில் வில்லியம் மக்கெர்ச்சர் என்பவர் 1930இல் ஓர் இயந்திரம் செய்தார். பல்லுள்ள இரண்டு உருளைகள் வேறு வேறு வேகத்தில் சுழல, நடுவே புகும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, கடுகு போல வெளியே வருகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் சி.டி.சி. என்கிறார்கள். ஆர்த்தடாக்ஸில் பாதி செல் உடைந்தால் இதில் அநேகமாக எல்லாம் உடைகிறது. ஆக்சிஜனேற்றம் ஒரு மணியை ஒட்டி முடிந்துவிடும். நிறம் கொட்டும், வேகம் இருக்கும், விலை குறையும். மணத்தில் பெரும்பகுதி போய்விடும். அதிலும் சலித்துக் கடைசியில் விழும் நுண்தூள்தான் நம் கடைகளின் டஸ்ட். துகள் சிறிதாகச் சிறிதாகப் பரப்பு கூடும்; கொதிநீர் ஒருமுறை வழிந்தாலே சாரம் முழுக்க இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் எட்டு டீ போட்டு நீட்ட வேண்டிய மாஸ்டருக்கு அதுதான் பொருத்தம். நான் டஸ்டைக் குறைசொல்ல வரவில்லை. மாங்கனித் திருவிழா நெரிசலில் வெயிலோடு நின்று குடிக்கிற அந்த டீயை எனக்குப் பிடிக்கும். பாலில் உள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் அவை நம் எச்சில் புரதத்தைப் பிடிக்க வருவதில்லை. நாக்கு வறளாமல் டீ வழுவழுப்பாக இறங்குகிறது. ஆனால் வேகமும் பாலும் சர்க்கரையும் பழகிய நாக்கு, நம் தமிழ் மண்ணிலேயே விளையும் ஓர் அரிய மணத்தை அறியாமலே இருந்துவிடுகிறது. அதுதான் என் ஆற்றாமை. முறுக்கிய இலையில் பெரும்பங்கு கப்பலேறிப் போகிறது.

அந்த இலையைக் கிள்ளும் கைகளைப் பற்றிச் சொல்லாமல் கட்டுரை நகராது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதாக முடிவானது. நூறு வருடம் இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பதிந்து, பிழைப்புத் தேடி மீண்டும் மலையேறினார்கள். அவர்களைக் குடியமர்த்தத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976இல் டேன்டீ நிறுவனமானது. அவர்களோடு சொற்களும் வந்தன. செடியைத் தறித்து விடுவது கவ்வாத்து, வீட்டு வரிசை லயம், காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடம் பெரட்டுக்களம். பறிப்பதற்கு இயந்திரக் கத்தரிகள் வந்துவிட்டன. ஆனால் மணத்துக்காக விலை போகும் தேயிலைக்கு இன்னும் விரல் நுனிதான் கேட்கிறார்கள். எது கொழுந்து, எது முற்றல் என்று கத்தரிக்குத் தெரியாது.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் வருடம் முழுக்கக் கொழுந்து வரும். ஆனால் மலைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது மார்கழி தையில் எடுக்கும் குளிர்காலத் தேயிலையைத்தான். குன்னூர்ச் சரிவு கிழக்கே பார்த்தது. அதற்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். வங்கக் கடலில் எழுந்து, எங்கள் கரையைத் தாண்டி, எங்கள் தாளடியை நனைத்து மேற்கே போகிற மேகம்தான் அங்கே போய் முட்டுகிறது. மழை ஓய்ந்ததும் வானம் வெளுக்கிறது, இரவில் உறைபனி இறங்கும் அளவுக்குக் குளிர்கிறது. செடியின் வளர்ச்சி ஒடுங்குகிறது. கொழுந்து மெல்ல, சிறிதாக, கொஞ்சமாக வருகிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தில் லினலூலும் மற்ற மணங்களும் செறிந்திருக்கின்றன. நான் தையில் போனது அதற்காகத்தான். கால் கிலோ வாங்கி வந்தேன்.

வீட்டில் முதல் நாள் போட்டுக் குடித்தபோது மனம் உடைந்தது. குன்னூரில் குடித்தது அதுவல்ல. நிறம் கருத்து மங்கி, மேலே எண்ணெய் படிந்தாற்போல ஓர் ஆடை. தூளில் கலப்படமோ என்று சந்தேகப்பட்டேன். காரணம் தண்ணீர். எங்கள் தெரு ஆழ்குழாய்த் தண்ணீர் கடினநீர், கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ 1990களில் இந்த ஆடையை ஆராய்ந்தார். பால் விடுவதால் வருவது என்று பலர் நினைத்தது தவறு. கடினநீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து, தேநீரின் மேற்பரப்பில் துவர்ப்புப் பொருள்களைக் காற்றோடு மேலும் வினைபுரிய வைக்கின்றன. தொழிற்சாலையில் டீ மேக்கர் சரியான நிமிடத்தில் நிறுத்தியது என் தம்ளரில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நிறம் கருத்ததற்கும் அதே தண்ணீர்தான் பொறுப்பு. தியாரூபிஜின்கள் மெல்லிய அமிலங்கள். காரத்தில் கருக்கும், புளிப்பில் வெளுக்கும். லெமன் டீ போடும் கடையில் எலுமிச்சை பிழிந்த நொடியில் நிறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஐப்பசியில் மொட்டைமாடி கழுவிய முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்து, வடிகட்டி மூடிவைத்த தண்ணீர் ஒரு குடம் வீட்டில் இருந்தது. மழைநீரில் கால்சியம் அநேகமாக இல்லை. இரண்டு பாத்திரத்தில் இரண்டு தண்ணீரையும் கொதிக்கவைத்து, தம்ளருக்கு இரண்டரை கிராம் இலை போட்டு, நான்கு நிமிடம் மூடிவைத்து வடித்தேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் தம்ளரில் கருத்த நீர்மேல் ஆடை விரிந்து, ஊதினால் உடைந்து நகர்ந்தது. மழைத்தண்ணீர் தம்ளரில் அடிவரை கண்ணுக்குத் தெரிந்தது. விளிம்பைச் சுற்றிப் பொன் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று நின்றது. முகத்தருகே கொண்டுபோனேன். கொத்தமல்லி விதையும், எங்கோ ஒரு ரோஜாவும், கடைசியில் அந்தக் குளிர்ந்த தைல வாசமும் வந்தன.